ஈறு வீங்கியிருக்கும்போதே கம்பி போட்டால் பல் சீக்கிரம் நகராதா?

குடியாத்தம் தையல்காரி:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 43 வயது. குடியாத்தத்தில் வீட்டு முன்னறையில் மிஷின் போட்டு 19 வருஷமாக பிளவுஸ் தைக்கிறேன். தைக்கிறவர்களுக்குத் தெரியும், கத்தரிக்கோல் கைக்கு எட்டாவிட்டால் நூலைப் பல்லால்தான் கடித்து அறுப்போம். போன தீபாவளி ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு நாள் நூல் அறுபடவில்லை. மேல் முன்பல் இரண்டுக்கும் நடுவில் புகுந்து வழுக்கிக்கொண்டு போய்விட்டது. கண்ணாடியில் பார்த்தால் அங்கே ஒரு ரூபாய் நாணயத்தின் விளிம்பு நுழைகிற அளவுக்குச் சந்து. இடது பக்கப் பல் கொஞ்சம் நீண்டு, முன்னால் தள்ளியும் இருந்தது. என் கல்யாண போட்டோவில் அந்தச் சந்து இல்லை.

பல் தேய்த்தால் ரத்தம் வருவது எனக்கு ஆறேழு வருஷமாக உண்டு. உடம்புச் சூடு என்று நினைத்து மோர் குடித்துவிட்டு விட்டுவிடுவேன். நம்ம ஊர் வெயிலுக்கு அப்படித்தானே தோன்றும்.

இரண்டு இடத்தில் காட்டினேன். முதல் இடத்தில் வாயைப் பார்த்த உடனே கிளிப் போட்டு 18 மாதத்தில் சேர்த்துவிடலாம், அட்வான்ஸ் கட்டுங்கள் என்றார்கள். இரண்டாவது இடம் வேலூரில். அங்கே ஒரு டாக்டர் அம்மா, கோடு போட்ட மெல்லிய கம்பியை ஒவ்வொரு பல்லின் ஈறுக்குள்ளும் விட்டு, "மூணு, ரெண்டு, ஆறு, அஞ்சு" என்று சொல்லச் சொல்ல, பக்கத்தில் இருந்த பெண் எழுதிக்கொண்டே வந்தார். கடைசியில், "முதலில் ஈறுக்கு வைத்தியம், குறைந்தது மூன்று மாதம். அதற்கு அப்புறம்தான் கம்பியைப் பற்றிப் பேச்சு" என்று அனுப்பிவிட்டார்.

வருகிற ஆவணியில் என் பெண்ணுக்குக் கல்யாணம். அதனால் மனசு அடித்துக்கொள்கிறது. என் அக்கா மகன் லேப் டெக்னீஷியன் படிக்கிறான். அவன் சொன்னதுதான் என்னைக் குழப்பிவிட்டது: "இன்னா சித்தி, ஈறு வீங்கினா எலும்பைக் கரைக்கிறதும் நோய் எதிர்ப்பு செல்லுங்கதான், கம்பி போட்டா எலும்பைக் கரைச்சு பல்லுக்கு வழி விடுறதும் அதே கூட்டந்தான்." அப்படியென்றால் அந்தச் செல்கள் ஏற்கெனவே என் ஈறில் வந்து நிற்கின்றன. இப்போதே கம்பி போட்டால் வேலை சீக்கிரம் முடியாதா? ஈறை ஆற்றிவிட்டு மறுபடி அவற்றை வரவழைப்பது எதற்கு? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ராணிப்பேட்டை ஷூ கம்பெனி:

அக்கா, நான் டாக்டர் இல்லை. பட்டவன். அதனால் முதலில் எழுதுகிறேன்.

எனக்கு 34 வயது. மூன்று வருஷம் முன்னால் கீழ்வரிசைப் பல் கோணல் என்று கிளிப் போட்டேன். எந்த இடம் என்று சொல்லப்போவதில்லை. உங்களுக்கு அளந்தார்களே, அந்த மாதிரி எனக்கு யாரும் அளக்கவில்லை. ஈறு தடித்துத்தான் இருந்தது, ஆனால் ரத்தம் வராது. அதனால் நல்ல ஈறு என்றே நம்பினேன். நாலாவது மாதம் ஈறு வீங்கி கிளிப் மேலேயே ஏறிவிட்டது. பிரஷ் பட்டால் வலி. வலிக்கிறதே என்று அந்த இடத்தைத் தேய்க்காமல் விட்டேன். மாதா மாதம் போய் டைட் பண்ணிக்கொண்டு மட்டும் வந்தேன். எட்டாவது மாதம் சாப்பிடும்போது கீழ் முன்பல் ஒன்று சோற்றுக்கே நெகிழ்ந்து கொடுத்தது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் அந்த வேரைச் சுற்றி எலும்பு பாதிதான் இருக்கிறது. கிளிப்பைக் கழற்றிவிட்டார்கள். இப்போது அந்தப் பல்லைப் பக்கத்துப் பற்களோடு பின்பக்கமாகக் கம்பி வைத்து ஒட்டியிருக்கிறது. ராத்திரி படுத்தால் நாக்கு தானாகப் போய் அந்தக் கம்பியைத் தடவிப் பார்க்கும்.

மூன்று மாதம் பெரிசில்லை அக்கா. இருங்கள்.

ஈறு மருத்துவர், காட்பாடி:

அம்மா, உங்கள் அக்கா மகன் சொன்னதில் தப்பில்லை. என்னிடம் படிக்க வரும் பிள்ளைகள் பல பேர் இந்த இடத்துக்கு வந்து சேர ஒரு வருஷம் ஆகும். ஆனால் அவன் பாதியில் நிறுத்திவிட்டான். மீதியை நான் சொல்கிறேன்.

பல் சுவரில் அடித்த ஆணி மாதிரி எலும்பில் இறுகி நிற்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவே கால் மில்லிமீட்டர்கூட இல்லாத ஓர் இடைவெளி. அதில் ஆயிரக்கணக்கான நார்கள் பல்லைத் தொங்கவிட்ட மாதிரி பிடித்திருக்கின்றன. கம்பி பல்லைத் தள்ளும்போது ஒரு பக்கத்து நார் நசுங்குகிறது, எதிர்ப்பக்கத்து நார் இழுபடுகிறது. நசுங்கிய பக்கத்துச் செல்கள் உடனே ஆள் கூப்பிடுகின்றன. ரத்தத்தில் ஓடும் மோனோசைட் என்ற வெள்ளை அணுக்கள் அங்கே இறங்கி, பல சேர்ந்து ஒரே பெரிய செல்லாகி, எலும்புச் சுவரில் ஒட்டிக்கொண்டு கரைக்கின்றன. அதற்கு ஆஸ்டியோகிளாஸ்ட் என்று பெயர். கிருமியை விழுங்கும் மேக்ரோஃபேஜும் இதுவும் ஒரே வம்சம். இழுபட்ட பக்கத்தில் அதே நேரத்தில் எலும்பு கட்டும் செல்கள் புது எலும்பு வைக்கின்றன. சாதாரணமாக மாதத்துக்கு 1 மில்லிமீட்டர் அளவில் பல் நகர்வது இப்படித்தான்.

நீங்கள் தைப்பவர், அதனால் உங்கள் வேலையிலேயே சொல்கிறேன். ஆல்ட்ரேஷனுக்கு வந்த பிளவுஸில் சாக்பீஸ் கோடு போட்டு இந்தப் பக்கம் பிரிக்கிறீர்கள், அந்தப் பக்கம் தைக்கிறீர்கள். துணி குறைவதில்லை, கோடுதான் இடம் மாறுகிறது. ஆரோக்கியமான ஈறில் கம்பி செய்வது இந்த வேலை. ஈறு வீங்கியிருக்கும்போது என்ன ஆகிறது என்றால், நீங்கள் கோடு போட்டுப் பிரித்துக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் வந்து கழுத்து விளிம்பிலிருந்து கோடே இல்லாமல் பிரித்துக்கொண்டு போகிறார். அவர் பிரித்ததை யாரும் திரும்பத் தைப்பதில்லை.

செல்லைப் பார்த்துச் சொன்னால், பல்லில் படியும் அழுக்குக்கு எதிராக ஈறுக்கு முதலில் வந்து இறங்குவது நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணு. அது கிருமியைக் கொல்ல விடும் நொதிகள் நம்முடைய நாரையும் சேர்த்து அரிக்கும். கிருமி போகாமல் அங்கேயே இருந்தால் பின்னாலேயே டி செல், பி செல் என்ற வேறு வெள்ளை அணுக்களும் வந்து குடியேறிவிடும். எலும்பைக் கரைக்கும் செல்லை உருவாக்கச் சொல்லும் உத்தரவு ஒன்று உண்டு, ராங்க்-எல் என்று சொல்வோம். நல்ல வாயில் அந்த உத்தரவை நாரும் எலும்பும்தான் கொடுக்கின்றன, தேவையான இடத்தில், தேவையான நாளுக்கு. வீங்கிய ஈறில் இந்த டி, பி செல்களும் அதே உத்தரவைப் போடுகின்றன, நாள்கணக்கே இல்லாமல். அதைத் தடுக்க உடம்பிலேயே ஒரு புரதம் இருக்கிறது, ஆஸ்டியோபுரோட்டிஜெரின். வீக்கம் நீடித்தால் உத்தரவு ஓங்கி, இந்தத் தடுப்பு பின்தங்கிவிடுகிறது. கட்டுகிற செல்களும் சோர்ந்துபோகும். எலும்பின் மேல்விளிம்பு கீழே இறங்கும்.

இனி உங்கள் கேள்விக்கு நேரான பதில். வீக்கத்தோடு கம்பி போட்டால் பல் சுலபமாக நகரலாம். ஆனால் அது வேலை சீக்கிரம் நடப்பதால் இல்லை, பிடிப்பு விட்டுப்போவதால். உங்கள் முன்பல் கம்பியே இல்லாமல் ஒரு நாணய அளவுக்கு நகர்ந்துவிட்டதே, அது எப்படி என்று யோசியுங்கள். ஆறேழு வருஷமாக ரத்தம் வரவைத்த வீக்கம் செய்த வேலை அது.

இதை விலங்குகளிடம் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 1977இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் நாய்களின் பற்களைச் சாய்த்து நகர்த்தினார்கள். பல் சுத்தமாக இருந்த நாய்களில் நார்ப்பிடிப்புக்குச் சேதமில்லை. அழுக்குப் படிந்த பற்களில், ஈறுக்கு மேலே இருந்த அழுக்கு பல் சாயும்போது ஈறுக்குள் இறங்கி, எலும்புக்குள்ளேயே பள்ளம் விழுந்தது. அதே அளவு விசைதான், நடுவில் அழுக்கு ஒன்றுதான் வித்தியாசம். இதைப் படித்த பிறகு ரத்தம் வரும் வாயில் கம்பிக்குக் கையெழுத்துப் போட எனக்கு மனம் வந்ததே இல்லை.

ராணிப்பேட்டைத் தம்பிக்கு ஒரு வார்த்தை. நீங்கள் சிகரெட் பிடிப்பவரா? பிடித்தால் ஈறின் ரத்தக் குழாய்கள் சுருங்கி, உள்ளே நோய் இருந்தும் ரத்தம் வெளியே தெரியாது. ரத்தம் வரவில்லை என்பதை வைத்து நல்ல ஈறு என்று முடிவு செய்ய முடியாது, அளந்துதான் பார்க்க வேண்டும். 3 மில்லிமீட்டர் வரை சரி. 4, 5, 6 என்று போனால் அங்கே பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே பை விழுந்திருக்கிறது.

அம்மா, மூன்று விஷயம் கேட்கிறேன். மூன்று மாத சர்க்கரை டெஸ்ட் எடுத்தீர்களா? எலும்பு மெலிவுக்கு மாத்திரையோ ஊசியோ போடுகிறீர்களா? அது எலும்பு கரைக்கும் செல்லையே கட்டிப்போடும் மருந்து, கம்பி போடுகிறவருக்கு அவசியம் தெரிய வேண்டும். மூன்றாவது, இன்றையிலிருந்து நூலைப் பல்லால் கடிக்காமல் இருக்க முடியுமா?

குடியாத்தம் தையல்காரி:

டாக்டரம்மா, ரொம்ப நன்றி. கழுத்து விளிம்பு என்று சொன்னீர்களே, அது நன்றாகப் புரிந்தது. விளிம்பு போன துணியை வைத்துக்கொண்டு எந்தக் கொம்பனும் ஒன்றும் செய்ய முடியாது.

எலும்பு மருந்து எதுவும் இல்லை. சர்க்கரை டெஸ்ட் நேற்றுத்தான் எடுத்தேன், 8.2 வந்திருக்கிறது. எனக்குச் சர்க்கரை இருப்பதே இப்போதுதான் தெரியும். ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. எங்கள் தெருவில் இன்னொன்றும் சொல்கிறார்கள், பல்லில் இருக்கும் காரையை எடுத்தால் பல் ஆட ஆரம்பித்துவிடும், அது பிடித்துக்கொண்டிருப்பதால்தான் பல் நிற்கிறது என்று. உண்மையா? வேலூர் டாக்டர் அடுத்த வாரம் கிளீனிங்குக்கு வரச் சொல்லியிருக்கிறார். கே.வி.குப்பம் தாண்டும்போதே பஸ்ஸிலிருந்து இறங்கிவிடலாமா என்று தோன்றும் எனக்கு.

ஈறு மருத்துவர், காட்பாடி:

இறங்காதீர்கள் அம்மா. சர்க்கரை கண்டுபிடிக்கப்பட்டது நல்லதுதான். அதிகச் சர்க்கரையில் இந்த வெள்ளை அணுக்கள் கிருமியைக் கொல்வதில் மந்தமாகவும், வீக்கத்தைக் கிளப்புவதில் மூர்க்கமாகவும் ஆகிவிடும். சர்க்கரை ஈறைக் கெடுக்கும், ஈறு வீக்கம் சர்க்கரையை ஏற்றும். இரண்டையும் சேர்த்துத்தான் இறக்க வேண்டும். உடனே ஒரு பொது மருத்துவரைப் பாருங்கள்.

காரை விஷயம் எங்கள் தொழிலில் தினமும் கேட்பது. காரை என்பது எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து ஏறி இறுகிப்போன அழுக்கு. சொரசொரப்பான கல், அதன்மேல் இன்னும் கிருமி ஏறும். எலும்பு போன இடத்தை அது அடைத்துக்கொண்டிருப்பதால் பல் அசையாதது போலத் தோன்றும். எடுத்ததும் சந்து தெரியும், பல் கூசும், சிலருக்குச் சில வாரம் லேசாக ஆடும். வீக்கம் வடிந்து நார் இறுகினால் அந்த ஆட்டம் பெரும்பாலும் குறைந்துவிடும்.

வாய் கொப்பளிக்கும் மருந்து கொடுத்தால் சொன்ன நாளோடு நிறுத்துங்கள், அதிகநாள் போட்டால் பல் பழுப்பேறும். பிரஷ் செய்கிற வேலையை அது செய்யாது. ரத்தம் வருகிறதே என்று தேய்க்காமல் விட்டுவிடாதீர்கள், வலிக்கிறதே என்று விட்டதுதான் ராணிப்பேட்டைத் தம்பி செய்தது. ரத்தம் வரும் இடத்தில்தான் மெதுவாக இன்னும் கொஞ்சம் தேய்க்க வேண்டும். 1965இல் டென்மார்க்கில் ஆர்ஹுஸ் பல் மருத்துவக் கல்லூரியில், நல்ல ஈறு உள்ள 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் சொன்னார்கள். மூன்று வாரத்துக்குள் எல்லாருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி துலக்க ஆரம்பித்ததும் ஒரு வார அளவில் ஆறிவிட்டது. எலும்பு வரை போகாத வீக்கம் அவ்வளவு சீக்கிரம் கேட்கும். உங்களுக்கு எலும்பைத் தொட்டுவிட்டதால் மாதக்கணக்கு ஆகிறது.

கம்பி மருத்துவர், வேலூர்:

டாக்டரம்மா எல்லாம் சொல்லிவிட்டார். கம்பி கட்டுகிறவன் என்ற முறையில் கொஞ்சம் சேர்க்கிறேன்.

எலும்பு குறைந்த பல்லைக் கம்பி போட்டே நகர்த்தக்கூடாது என்பதில்லை. ஈறு ஆறி, ரத்தம் நின்ற பிறகு மீதி எலும்பிலேயே நன்றாக நகர்த்தலாம். ஆனால் கை இளகியிருக்க வேண்டும். நிலத்துக்கு வெளியே அதிகம் நீண்டிருக்கிற கம்பத்தை லேசாகத் தொட்டாலே சாயும், அதே கதை. அழுத்திவிட்டால் நசுங்கிய பக்கத்துக்கு ரத்தமே போகாது. அந்த இடம் செத்துக் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். அதை மேக்ரோஃபேஜ் வந்து அள்ளி முடிக்கும் வரை பல் இரண்டு மூன்று வாரம் நின்ற இடத்திலேயே நிற்கும். வேகமாக முடிக்க நினைத்து இறுக்கினால் இதுதான் கிடைக்கும்.

உங்கள் டாக்டரிடம் கேட்க வேண்டியவை: கடைவாய்ப் பல்லைச் சுற்றி வளையம் வேண்டாம், ஒட்டுகிற டியூப் போதும், வளையத்தின் விளிம்பு ஈறை உரசும். கம்பியைக் கட்ட ரப்பருக்குப் பதில் மெல்லிய ஸ்டீல் கம்பி, ரப்பரில் அழுக்கு அதிகம் சேரும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஈறு டாக்டரிடம் அளவும் கிளீனிங்கும். நடுவில் ரத்தம் திரும்பினால் கம்பியைச் சும்மா விட்டுவிட்டு முதலில் ஈறைப் பார்ப்பது. வலிக்குப் பாராசிட்டமால் போதும். புரூஃபன் வகை மாத்திரையைத் தினமும் போட்டால் பல்லை நகர்த்த உடம்பு சுரக்கும் ரசாயனத்தையே அடக்கிவிடும்.

இரண்டு விஷயம் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். பல் சேர்ந்த பிறகு பின்பக்கம் ஒரு மெல்லிய கம்பியை ஒட்டுவோம், அது ஆயுசுக்கும் இருக்க வேண்டும். அப்புறம், இரண்டு பல்லுக்கு நடுவே ஈறு நுனி குறைந்துபோன இடத்தில் சின்னதாக ஒரு கறுப்பு முக்கோணம் தெரியலாம். பல்லை ஓரத்தில் கொஞ்சம் இழைத்துச் சேர்த்தால் குறையும், முழுக்கப் போகும் என்று நான் வாக்குக் கொடுக்கமாட்டேன்.

ராணிப்பேட்டை ஷூ கம்பெனி:

டாக்டரம்மா, ஒரு நாளைக்கு 10 சிகரெட். என் ஈறில் ஏன் ரத்தம் வரவில்லை என்று நீங்கள் எழுதியதைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். விட்டு இன்றோடு நாலு நாள் ஆகிறது.

குடியாத்தம் தையல்காரி:

நாலு மாதம் கழித்து எழுதுகிறேன், மன்னியுங்கள். வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வரைக்கும் மிஷினை விட்டு எழுந்திருக்க நேரமில்லை.

பஸ்ஸிலிருந்து இறங்கவில்லை. நாலு முறையாகப் பிரித்து மரத்துப்போகும் ஊசி போட்டு ஈறுக்கு உள்ளே வரைக்கும் சுத்தம் செய்தார்கள். முதல் நாள் கீழ்ப்பல்லின் பின்பக்கத்திலிருந்து எடுத்த ஒரு துண்டை டாக்டர் பஞ்சில் வைத்துக் காட்டினார். கறுப்பும் பழுப்புமாக, நொறுங்கின செங்கல் சில்லு மாதிரி இருந்தது. இதையா இத்தனை வருஷம் வாயில் வைத்து என் பிள்ளைகளுக்கு முத்தம் கொடுத்தேன் என்று அழுகை வந்துவிட்டது. அவர் என் தோளைத் தட்டிவிட்டு அடுத்த பல்லுக்குப் போய்விட்டார்.

பல் ஆடும் என்று தெருவில் சொன்னது போலவே இரண்டு வாரம் முன்பல் லேசாக ஆடியது. டாக்டரம்மா எழுதியதைப் படித்திருந்ததால் பயப்படவில்லை. சந்துக்குள் விடுகிற சின்ன பிரஷ் கொடுத்தார்கள், பாட்டில் கழுவுகிற பிரஷ்ஷின் குட்டி மாதிரி இருக்கும். ஆரம்பத்தில் ஒவ்வொரு சந்திலிருந்தும் அது சிவப்பாகத்தான் வெளியே வரும். ஒரு சந்து முடித்து, கழுவி, அடுத்த சந்து. எந்தச் சந்தில் சிவப்பு, எந்தச் சந்தில் வெள்ளை என்று அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தேன். ஐந்தாவது வாரம் மேல்வரிசை எல்லாம் வெள்ளை. கீழே வலதுபக்கக் கடைவாயில் மட்டும் பிடிவாதமாக மாசி கடைசி வரைக்கும் சிவப்பு வந்துகொண்டிருந்தது. சர்க்கரை இப்போது 7.1.

போன திங்கள்கிழமை மறுபடி அளந்தார்கள். இந்த முறை நானும் எண்ணைக் காது கொடுத்துக் கேட்டேன். "ரெண்டு, ரெண்டு, மூணு, ரெண்டு." இடது முன்பல் வந்தபோது மூச்சைப் பிடித்துக்கொண்டேன். முதலில் 6 சொன்ன இடம் அது. "நாலு" என்றார். ரத்தம் இல்லை. இன்னும் ஒன்றரை மாதம் பார்த்துவிட்டு, 4 அப்படியே நின்றால் ஆனி கடைசியில் கம்பி போடலாம் என்கிறார். மேல்வரிசை மட்டும்தான், டியூப்பும் ஸ்டீல் கட்டும். நான் கேட்பதற்கு முன்னால் அவரே சொல்லிவிட்டார்.

ஆவணி கல்யாணத்தில் போட்டோவுக்குக் கம்பியோடுதான் நிற்பேன். என் பெண்ணிடம் சொன்னேன். "அதனால இன்னாம்மா, சிரி, போதும்" என்றாள். நூல் வெட்டி ஒன்றை ரிப்பனில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டிருக்கிறேன். இன்னும் சில நேரம் நூல் தானாக வாய்க்குப் போகிறது. உதட்டில் பட்டதும் எடுத்துவிடுகிறேன்.